போன வேலையும் வராத வேலையும்

2016 மே 23. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று பிரிட்டன் மக்கள் வாக்களிக்கச் சரியாக ஒரு மாதம் இருந்தது. பிரதமர் டேவிட் கேமரனும் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னும் தெற்கு இங்கிலாந்தில் பி அண்ட் க்யூ நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனார்கள். வீட்டுக்கு வண்ணம் அடிக்கவும் குழாய் மாற்றவும் வேண்டிய சாமான்களை நாடெங்கும் விற்கும் நிறுவனம் அது. அதன் ஊழியர்கள் முன்னால் நின்று நிதித்துறையின் அறிக்கையை வெளியிட்டார்கள். வெளியேறினால் இரண்டு ஆண்டுக்குள் வேலையில்லாதோர் எண்ணிக்கை 5 லட்சத்து 20 ஆயிரம் கூடும், நிலைமை மோசமானால் 8 லட்சத்து 20 ஆயிரம் கூடும் என்றது அறிக்கை.

ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். இரண்டு ஆண்டுகள் போயின. வேலையின்மை கூடவில்லை, குறைந்தது. வாக்கெடுப்பு நேரத்தில் 5 சதவீதத்தை ஒட்டியிருந்த அது 2019இல் 3.8 சதவீதத்துக்கு இறங்கியது. 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. பயமுறுத்தி ஓட்டு வாங்கப் பார்த்தார்கள் என்று வெளியேற்றத் தரப்பு சொல்லிவந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

ஒரு நாடு வர்த்தகக் கூட்டமைப்பை விட்டு விலகினால் எத்தனை பேருக்கு வேலை போகும்? இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் தேடியதுதான் இரு தரப்பும் செய்த தவறு. நீடிக்கச் சொன்னவர்கள் பெரிய எண்ணைக் காட்டி அச்சுறுத்தினார்கள். அந்த எண் பலிக்காததைக் காட்டி, பாதிப்பே இல்லை என்று மற்றவர்கள் சாதித்தார்கள். பிரிட்டனின் அனுபவத்தைத் தொடர்ந்து படித்தால் தெரிவது வேறு. விலகலால் வரும் இழப்பில் சிறு பங்குதான் ஆட்குறைப்பு நோட்டீஸாகத் தொழிலாளியின் கைக்கு வருகிறது. பெரும் பங்கு, போடப்படாத முதலீடாகவும் ஏறாத சம்பளமாகவும் எடுக்கப்படாத ஆளாகவும் வருகிறது. வேலையில்லாதோர் கணக்கில் இது ஏறாது. கணக்கில் ஏறாத இழப்புக்கு யாரும் நிவாரணம் கேட்க முடியாது. என் கவலை அதைப் பற்றியது.

மேடைகளில் அதிகம் அடிபட்ட எண் 30 லட்சம் வேலைகள். அதன் பூர்வீகம் 2000ஆம் ஆண்டில் தேசியப் பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் போட்ட ஒரு கணக்கு வரை போகிறது. ஐரோப்பிய நாடுகளுக்கான ஏற்றுமதியோடு நேரடியாகவும் சுற்றிவளைத்தும் தொடர்புள்ள வேலைகள் சுமார் 32 லட்சம் என்றது அந்த ஆய்வு. அவை பறிபோகும் என்று அது சொல்லவில்லை. விலகினாலும் இவற்றில் பெரும்பாலானவை நிரந்தரமாக அழியக் காரணமில்லை, ஆனால் நாட்டின் வருமானம் குறையும் என்பதே அதன் முடிவு. 2014இல் நிதித்துறை இதே மாதிரி 33 லட்சம் என்று கணக்கிட்டபோதும், விலகினால் இழக்கப்படும் வேலைகளின் எண்ணிக்கை அல்ல இது என்றே சொன்னது. தொலைக்காட்சி விவாதத்துக்கு வரும்போது அந்த எச்சரிக்கை கழன்று போயிருந்தது. 2016 மார்ச்சில் பிரிட்டன் தொழில் கூட்டமைப்புக்காக பிடபிள்யூசி நிறுவனம் போட்ட கணக்கு கொஞ்சம் நிதானமானது. ஒப்பந்தம் இல்லாமல் விலகினால் 2020க்குள் 9 லட்சத்து 50 ஆயிரம் வேலைகள் வரை குறையலாம், தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தோடு விலகினால் 5 லட்சத்து 50 ஆயிரம் என்றது. விலகல் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே இழப்பு என்றாவது அது காட்டியது.

நிதித்துறையின் கணிப்பு ஏன் பொய்த்தது? வெளியேற வாக்களித்ததும் விலகல் நடைமுறை உடனே தொடங்கிவிடும் என்று அறிக்கை எடுத்துக்கொண்டது. நடந்தது அப்படியல்ல. கேமரன் பதவி விலகினார். விலகல் கடிதம் 2017 மார்ச் 29 அன்றுதான் போனது. உறுப்பினர் பதவி 2020 ஜனவரி 31 வரை நீடித்தது, பழைய வர்த்தக விதிகள் அதே ஆண்டு டிசம்பர் 31 வரை நீடித்தன. ஆகவே 2018இல் வேலை போகவில்லை என்பது, விலகியும் வேலை போகவில்லை என்று ஆகாது. அப்போது பிரிட்டன் விலகியிருக்கவே இல்லை. இடையில் இங்கிலாந்து வங்கி 2016 ஆகஸ்டில் வட்டியைக் கால் சதவீதத்துக்குக் குறைத்துத் தாங்கிப் பிடித்தது.

அடியை வாங்கியது பவுண்டு. வாக்கு எண்ணிய இரவில் ஒன்றரை டாலரைத் தொட்ட பவுண்டு விடிவதற்குள் 1.33 டாலருக்குக் கீழே சரிந்தது. இறக்குமதிச் சரக்கின் விலை ஏறியது. வாக்கெடுப்பின் விளைவாக மட்டும் நுகர்வோர் விலை 2.9 சதவீதம் கூடியது என்றும், சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 870 பவுண்டு கூடுதல் செலவு என்றும் லண்டன் பொருளாதாரப் பள்ளியோடு சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இறக்குமதி உதிரிப் பொருள்களை நம்பியிருந்த தொழில்களில் ஊதியமும் பணிப்பயிற்சியும் குறைந்ததாக இன்னொரு ஆய்வு கண்டது. ஒரு சிலர் முழு வேலையையும் இழப்பதற்குப் பதில், வேலையில் இருந்த எல்லாரும் சம்பளத்தின் வாங்கும் சக்தியில் ஒரு துண்டை இழந்தார்கள். ஆலை வாசலில் கூட்டம் கூட இதில் வழியில்லை.

கார் தொழிலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் கூட்டமைப்பு என்றால் என்ன என்பது அங்கேதான் கைக்குத் தட்டுப்படுகிறது. மினி காரின் கிராங்க்ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் வார்க்கப்பட்டு, கடல் தாண்டி இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் கடைசல் பிடிக்கப்பட்டு, மறுபடி கடல் தாண்டி ஜெர்மனியின் மியூனிக்கில் இன்ஜினுக்குள் பொருத்தப்பட்டு, மூன்றாம் முறையாகக் கடல் தாண்டி ஆக்ஸ்ஃபோர்டில் காருக்குள் ஏறியது. கூட்டமைப்புக்குள் இருந்தவரை மூன்று தடவையும் ஒரு காகிதம் காட்ட வேண்டியதில்லை. ஸ்விண்டன் ஊரின் ஹோண்டா ஆலைக்கு ஐரோப்பாவிலிருந்து தினமும் 350 லாரி உதிரிப் பாகம் வரவேண்டும், உற்பத்தி வரிசையில் கையிருப்பு ஒரு மணி நேரத்துக்குத்தான் என்று அந்நிறுவனம் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. எல்லையில் 15 நிமிடம் தாமதமானால் ஆண்டுக்கு எட்டரை லட்சம் பவுண்டு செலவு என்றும் கணக்குக் கொடுத்தது.

2019 பிப்ரவரியில் அந்த ஆலையை மூடப்போவதாக ஹோண்டா அறிவித்தது, 2021 ஜூலையில் மூடியது. நேரடியாக 3,500 வேலைகள். ஸ்விண்டனில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியேறவே வாக்களித்திருந்தார்கள். பிரெக்சிட் எனப்பட்ட இந்த விலகல் காரணமல்ல, மின்சாரக் கார்களுக்கு மாறுகிறோம் என்றது நிறுவனம். அதை நம்பாமலிருக்க வேண்டியதில்லை. அறிவிப்புக்குச் சில நாள் முன்னால்தான் ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஜப்பானிலிருந்தே படிப்படியாகத் தீர்வையின்றி ஐரோப்பாவுக்கு கார் அனுப்பலாம் என்றால், ஐரோப்பாவுக்குள் நுழையும் வாசலாக பிரிட்டனை வைத்திருந்த தேவை குறைகிறது. வேல்ஸில் பிரிட்ஜெண்ட் ஊரின் ஃபோர்டு இன்ஜின் ஆலை 2020 செப்டம்பரில் மூடியபோது 1,700 பேர் வேலையிழந்தார்கள். அங்கேயும் பிரெக்சிட் காரணமில்லை என்றே சொன்னார்கள்.

இப்படி ஒவ்வொரு ஆலைக்கும் தனியாகக் குற்றவாளியைத் தேடினால் நாம் எப்போதும் வெறுங்கையோடுதான் திரும்புவோம். டீசல் விற்பனைச் சரிவு, மின்சாரக் கார், கோவிட், சிப் தட்டுப்பாடு என்று எல்லாம் சேர்ந்தே அடித்தன. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் போக்கு தெரிகிறது. பிரிட்டன் கார் தொழிலில் அறிவிக்கப்பட்ட புதிய முதலீடு 2015இல் 250 கோடி பவுண்டு, 2018இல் 60 கோடிக்கும் குறைவு. கோவிட் வருவதற்கு முன்பே நடந்தது இது. 2016இல் 17 லட்சத்துக்கு மேல் இருந்த கார் உற்பத்தி 2022இல் 7 லட்சத்து 75 ஆயிரமாயிற்று, 1956க்குப் பிறகு அதுவரை கண்ட மிகக் குறைந்த அளவு அது. எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு, மறைக்கக் கூடாது. சண்டர்லாண்டில் நிசான் தங்கியது, 2021இல் மின்சாரக் காருக்கும் பேட்டரிக்கும் கூட்டாளிகளோடு சேர்ந்து 100 கோடி பவுண்டு முதலீடும் அறிவித்தது. அதற்கு முன் அமைச்சர் கிரெக் கிளார்க் 2016இல் நிறுவனத்துக்கு உறுதிமொழிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பெரிய நிறுவனம் கதவைத் தட்டினால் கடிதம் கிடைக்கும்.

லண்டன் நிதிச் சந்தையைப் பற்றி 2016இல் வந்த கணிப்புகள் இன்னும் பெரியவை. ஆலோசனை நிறுவனம் ஒன்று 75,000 வேலை வரை போகலாம் என்றது. இஒய் நிறுவனம் 2022 வரை கண்காணித்து, ஐரோப்பாவுக்கு இடம்பெயர்ந்த வேலைகள் 7,000 சொச்சம் என்று முடித்தது. 2024இல் லண்டன் மாநகரின் லார்டு மேயர் மைக்கேல் மைனெல்லி, இழந்தது 40,000 என்றார். இரண்டு எண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி ஏன்? பெட்டி கட்டிக்கொண்டு பாரிஸுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் போனவர்களை எண்ணினால் முதலாவது. லண்டனில் உருவாகியிருக்க வேண்டியது டப்ளினில் உருவானதையும் சேர்த்தால் இரண்டாவது. 2021 ஜனவரியில், புதிய விதி வந்த முதல் மாதத்திலேயே, பங்கு வர்த்தக அளவில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது. அதற்காக லண்டனில் ஆயிரக்கணக்கானோர் அன்றே வேலையிழக்கவில்லை. வருங்கால ஆளெடுப்பு வேறு ஊருக்குப் போனது.

சின்ன ஏற்றுமதியாளர் விஷயத்தில் எனக்கு ஆற்றாமை அதிகம். ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளருக்கு 30 பவுண்டு சீஸ் பெட்டியைத் தபாலில் அனுப்ப, கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட 180 பவுண்டு சுகாதாரச் சான்றிதழ் வேண்டுமென்று ஆகிவிட்டது. வேல்ஸின் மெனாய் நீரிணையில் மட்டி வளர்த்தவர்கள், அள்ளிய மட்டியை உயிரோடு மொத்தமாக ஐரோப்பாவுக்கு அனுப்பி அங்கே சுத்திகரிக்க விட்டுவந்தார்கள். முதல்தரத் தூய்மை இல்லாத கடல்நீரில் வளர்ந்த மட்டியை, சுத்திகரிக்காமல் வெளிநாட்டிலிருந்து ஏற்பதில்லை என்பது ஒன்றியத்தின் பழைய விதி. 2021 ஜனவரி 1 அன்று பிரிட்டன் வெளிநாடு ஆனது. அதே கடல், அதே மட்டி, அதே வாங்குபவர். வியாபாரம் மட்டும் நின்றது. 16,400 நிறுவனங்கள் ஐரோப்பிய ஏற்றுமதியைக் கைவிட்டதாக லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பொருளாதாரச் செயல்பாட்டு மையம் 2024 டிசம்பரில் கணக்கிட்டது. பெரிய நிறுவனங்கள் தனி ஆள் வைத்துக் காகித வேலையைச் சமாளித்தன. ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் இருவரை நிறுத்தினால் அது எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை. எண்ணிப் பார்க்கும் ஏற்பாடும் இல்லை.

காகித வேலை சிலருக்குப் பிழைப்பையும் கொடுத்தது. 50,000 சுங்க முகவர்கள் வேண்டும் என்று அரசே சொன்னது. எல்லைப் படிவங்களுக்காக வணிகர்கள் ஆண்டுக்கு 750 கோடி பவுண்டு செலவழிக்க நேரும் என்று வரித்துறை மதிப்பிட்டது. வேலைகளின் தலையெண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இதை லாபத்தில் எழுதலாம். நேற்று வரை தேவைப்படாத படிவத்தை நிரப்பக் கூலி கொடுப்பதால் நாட்டில் ஒரு பொருளும் கூடுதலாக விளைவதில்லை.

மேடையில் அதிகம் பேசப்படாத இன்னொரு விளைவு, வேலை இருந்து ஆள் இல்லாமல் போனது. ஒன்றியத்துக்குள் தொழிலாளர்கள் தடையின்றி வந்துபோன ஏற்பாடும் விலகலோடு முடிந்தது. 2021 செப்டம்பரில் டேங்கர் ஓட்ட ஆளில்லாமல் பெட்ரோல் பங்குகள் வறண்டன, பிறகு ராணுவத்தினர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இறைச்சிக்கூடத்தில் வெட்ட ஆளில்லாததால் பண்ணைகளிலேயே பன்றிகளைக் கொன்று எறிந்தார்கள். புதிய குடியேற்ற விதியால் 2022 செப்டம்பர் வாக்கில் ஐரோப்பியத் தொழிலாளர்கள் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர் குறைந்தார்கள், பிற நாட்டவர் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர் கூடினார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஜொனதன் போர்ட்ஸும் ஜான் ஸ்பிரிங்ஃபோர்டும் மதிப்பிட்டார்கள். லாரி, கிடங்கு, ஓட்டல் ஆகிய இடங்களில் பள்ளம் விழுந்தது. வேலையின்மைக் கணக்கு இறங்கியே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு பிற நாட்டவர் வருகை பெருகியது. இந்தியாவிலிருந்து போன செவிலியரும் முதியோர் பராமரிப்பாளரும் அந்த அலையில் போனவர்களே.

அடி வெளியேறிய நாட்டோடு நின்றதா என்றால், இல்லை. வேலையை முதலில் இழந்தவர்களில் அயர்லாந்தின் காளான் பறிப்பவர்கள் உண்டு. அங்கே விளையும் காளானில் பெரும்பகுதி பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போவது. விலை பவுண்டில் பேசி வைத்தது. கூலியும் உரமும் யூரோவில். லாபமோ விற்பனையில் மிகச் சிறு பங்கு. பவுண்டு விழுந்ததும் அந்த லாபம் முழுக்கப் போயிற்று. 2016 முடிவதற்குள் சில பண்ணைகள் மூடப்பட்டன. அதில் வேலையிழந்தவர்களுக்குப் பிரிட்டன் வாக்கெடுப்பில் ஓட்டே கிடையாது.

இதையெல்லாம் சேர்த்து மொத்தத்தில் என்ன? பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்புடைமை அலுவலகம், நீடித்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிட உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் 2025 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கடுமையானது. 2025 வாக்கில் நாட்டின் மொத்த உற்பத்தி 6 முதல் 8 சதவீதம் வரையும், முதலீடு 12 முதல் 18 சதவீதம் வரையும், வேலைவாய்ப்பு 3 முதல் 4 சதவீதம் வரையும் குறைந்திருக்கிறது என்கிறது. பிரிட்டனில் வேலையில் இருப்போர் 3 கோடியே 40 லட்சத்தை ஒட்டியவர்கள். அதில் 3 சதவீதம் என்றாலே 10 லட்சம். ஆஸ்போர்ன் காட்டிய எண்ணைவிடப் பெரிது! ஆனால் அவர் சொன்னபடி இரண்டு ஆண்டில், வேலையில்லாதோர் வரிசையாக அது வரவில்லை. ஒன்பது ஆண்டில், உருவாகாமலே போன வேலைகளாகச் சேர்ந்தது. இவையெல்லாம் விலகாத பிரிட்டன் ஒன்றைக் கற்பனை செய்து அதோடு ஒப்பிடும் கணக்குகள், எந்த நாடுகளை ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். பொருளாதார அறிஞர்களில் இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அளவில் தகராறு இருக்கலாம், திசையில் எனக்குச் சந்தேகமில்லை.

பிரிட்டன் முதல் நாடும் அல்ல. கிரீன்லாந்து 1985இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை விட்டு விலகியது. தன் கடலின் மீன்வளத்தைத் தானே ஆள வேண்டும் என்பது காரணம். மீன்பிடி உரிமையைப் பேரம்பேசி, மீன் விற்கும் சந்தையைக் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டது. விற்பது ஒரே பொருள், வாங்குபவருக்கும் அது வேண்டும் என்றால் விலகல் சுலபம். வெனிசுவேலா கதை நேர்மாறு. கொலம்பியாவும் பெருவும் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்ததைக் கண்டித்து அதிபர் ஹியூகோ சாவேஸ் 2006இல் ஆண்டிய நாடுகளின் சமூகத்திலிருந்து வெளியேறினார். சலுகைத் தீர்வை இன்னும் ஐந்து ஆண்டு தொடர்ந்தது. ஆனாலும் அரசியல் உறவு முறிந்தபோது வர்த்தகத்தைத் தாங்க பொது அமைப்பு எதுவும் இருக்கவில்லை. 2008இல் 600 கோடி டாலராக இருந்த கொலம்பியாவின் வெனிசுவேலா ஏற்றுமதி 2010இல் 140 கோடியாயிற்று. எல்லையோர கூகுத்தா நகரின் துணி, காலணிப் பட்டறைகள் நம்பியிருந்த சந்தை அது. பிரிட்டனில் மெதுவாகக் கசிந்தது இங்கே ஒரேயடியாக உடைந்தது. தீர்வைப் பட்டியலைவிட, சண்டை வந்தால் தீர்த்துவைக்கும் மன்றம்தான் கூட்டமைப்பின் பெரிய பயன் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இழந்தவர்களுக்கு யார் பொறுப்பு? நீடித்த நாடுகளின் பாதிப்புக்காக ஐரோப்பிய ஒன்றியம் 540 கோடி யூரோவில் பிரெக்சிட் சரிக்கட்டு நிதி ஒன்றை ஏற்படுத்தியது, அதிகப் பங்கு அயர்லாந்துக்கு ஒதுக்கியது. பிரிட்டன் அரசு 2021இல் சிறுதொழில்களுக்கு 2 கோடி பவுண்டும், கடலுணவுத் தொழிலுக்கு 2.3 கோடி பவுண்டும் ஒதுக்கியது. சிறுதொழிலுக்கான உச்ச உதவி 2,000 பவுண்டு. ஏற்றுமதி ஆர்டர் போய் வேலை நேரம் பாதியாகிவிட்ட ஒருவருக்கு இதில் என்ன கிடைக்கும்? விலகியதால் இந்த வேலை போனது என்று அவரால் நிரூபிக்க முடியாது. ஹோண்டா விஷயத்திலேயே நிரூபிக்க முடியாத ஒன்றை அவர் எங்கே போய் நிரூபிப்பார்? ஆகவே நிவாரணத்தைக் காரணத்தோடு கட்டக் கூடாது. ஏற்றுமதி சரிந்த தொழில், வேலை சுருங்கிய ஊர் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். காரணத்தை ஆய்வாளர்கள் பத்து ஆண்டு கழித்துச் சொல்லட்டும்.

விலகலால் வேறு ஊர்களுக்குக் கதவு திறந்ததும் உண்மை. தனியே ஒப்பந்தம் செய்யும் உரிமையைத் திரும்பப் பெற்ற பிரிட்டன், 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு விரிவான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இந்திய ஆயத்த ஆடைக்கு இருந்த, 10 சதவீதத்தை ஒட்டிய தீர்வை அதன்படி நீங்க வேண்டும். பங்களாதேஷ் ஆடை தீர்வையின்றிப் போகும்போது தங்கள் ஆடைக்கு மட்டும் ஏன் என்று திருப்பூர்க்காரர்கள் நெடுங்காலம் கேட்டுவந்தது இதைத்தான். திருப்பூரில் வரும் ஆர்டர் மெனாய் நீரிணையின் மட்டிக்காரருக்கு ஈடாகாது என்றாலும் கணக்கில் இரண்டையும் எழுத வேண்டும்.

இப்போது என் பார்வை மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று எக்கோவாஸ் கூட்டமைப்பிலிருந்து முறைப்படி விலகின. ராணுவ ஆட்சிகள் எடுத்த முடிவு, எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. மூன்றுக்கும் கடல் கிடையாது. மற்ற ஐந்து நாடுகளோடு பகிரும் சிஎஃப்ஏ ஃபிராங்க் நாணயத்தையும் அதன் சுங்க ஒன்றியத்தையும் அவை விடவில்லை, அதனால் ஐவரி கோஸ்டை நோக்கிய பாதை ஓரளவு காப்பில் இருக்கிறது. அந்த வட்டத்துக்கு வெளியே உள்ள நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் மாடு ஓட்டிச் செல்லும் வியாபாரிக்கு அந்தக் காப்பு கிடையாது. ஐவரி கோஸ்டின் கோகோ தோட்டங்களிலும் ஊர்களிலுமாகப் புர்க்கினாவைச் சேர்ந்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல் வாழ்கிறார்கள். விசா இல்லாமல் போய்த் தங்கி வேலை பார்க்கும் உரிமையை எக்கோவாஸ் உடன்பாடுகள் தந்திருந்தன. மறு அறிவிப்பு வரும்வரை இந்த மூன்று நாட்டவரின் கடவுச்சீட்டையும் சரக்கையும் பழையபடியே ஏற்குமாறு எக்கோவாஸ் தன் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சம்பளப் பட்டியலில் பெயரில்லாத இந்தத் தொழிலாளர்களின் நிலை எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்க ஸ்விண்டனுக்கு இருந்த தொழிற்சங்கமோ நாடாளுமன்றக் குழுவோ அங்கே இல்லை. கோகோ அறுவடைக் கூலியையும் மாட்டுச் சந்தை வரத்தையும் விதி மாறுவதற்கு முன்பே ஊர் ஊராகப் பதிவு செய்யத் தொடங்கினால்தான், மாறிய பிறகு ஒப்பிட ஏதாவது இருக்கும்.